துப்பாக்கி ஏந்தாதவர்களிடம் நேதாஜி கேட்டது



இந்த முறை நேதாஜியைப் பற்றி எழுதப் போறேன்னு சொன்னதும், நம்ம கிளை அண்ணன் ஒருத்தர் அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே தம்பின்னு கேட்டார். உண்மைதான். வீட்டுக்காவலிலிருந்து மாறுவேடத்தில் தப்பியது, நீர்மூழ்கிக் கப்பலில் 3 மாதம் பயணம் செய்தது, சிங்கப்பூரில் படையைப் பார்வையிட்டது எல்லாம் நமக்கு மனப்பாடம். மேடைப் போட்டியில் அந்த மூன்றையும் சொன்னால் கைதட்டல் நிச்சயம்.

ஆனால் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அந்த வாழ்க்கையைத் திரும்பப் படித்தால் கதை வேறு மாதிரி தெரிகிறது. சண்டைக்குப் போகிறவன் போய்விடுகிறான். போகாமல் வீட்டில், கடையில், தோட்டத்தில் இருப்பவன் அவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறான்? நேதாஜி கடைசி இரண்டு வருடங்கள் இந்தக் கேள்வியோடுதான் வாழ்ந்தார். அதில் பெரும்பகுதியை அவர் கேட்டது நம்ம ஆட்களிடம், மலாயாத் தமிழர்களிடம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுபாஷ் சந்திர போஸ் 1897 ஜனவரி 23 அன்று ஒரிசாவின் கட்டாக் நகரில் பிறந்தார். அப்பா ஜானகிநாத் பெரிய வக்கீல், அம்மா பிரபாவதி. வீட்டில் மொத்தம் 14 பிள்ளைகள், இவர் 9ஆவது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே விவேகானந்தர் நூல்கள் கைக்கு வந்தன. சேவைதான் வாழ்க்கை என்ற எண்ணம் அங்கிருந்துதான் ஆரம்பம். 1916ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஓட்டன் என்ற ஆங்கிலப் பேராசிரியர் தாக்கப்பட்ட விவகாரத்தில் கல்லூரியை விட்டே நீக்கினார்கள்.

அடுத்து நடந்ததைப் பலரும் சொல்வதில்லை. அது முதல் உலகப் போர் நேரம். சும்மா இருந்த சுபாஷ், 49ஆவது வங்காளிப் படையில் சேர மனுப் போட்டார். எல்லாச் சோதனையிலும் தேறி, கண் சோதனையில் தோற்றார். பிறகு ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் சேர்ந்தபோது 1917ல் பல்கலைக்கழக மாணவர் படைப்பிரிவு ஒன்று தொடங்கியது. அதில் சேர்ந்து முகாமில் தங்கி, அணிவகுப்பும் துப்பாக்கிச் சுடலும் பழகினார். அந்த மாதங்கள் ரொம்பப் பிடித்துப்போனதைப் பின்னாளில் தன் வாழ்க்கை நினைவுகளில் எழுதியிருக்கிறார். அவருக்குக் கிடைத்த ராணுவப் பயிற்சி அவ்வளவுதான். பிற்காலத்தில் சீருடையும் பூட்ஸும் போட்ட படத்தையே பார்த்துப் பழகிய நமக்கு இது ஆச்சரியமாக இருக்கும். போர்க்களத்தில் ஒரு குண்டுகூடச் சுடாத மனிதர் அவர். நம்மைப் போல ஒரு சிவிலியன். சிப்பாய்களை உயிரைக் கொடுக்கச் சொன்ன அந்தச் சிவிலியன், மற்ற சிவிலியன்களிடம் எதைக் கேட்பது என்பதில் கறாராக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1920ல் லண்டனில் ஐ.சி.எஸ். தேர்வில் 4ஆவது இடம். 1921ல் அந்த வேலையை உதறிவிட்டு ஊர் திரும்பி, சித்தரஞ்சன் தாஸிடம் அரசியல் பழகினார். 1922ல் வடக்கு வங்காளத்தில் பெரிய வெள்ளம் வந்தபோது நிவாரண வேலையை முன்நின்று நடத்தினார். நிதி திரட்டுவது, அரிசியும் துணியும் சரியான ஆளிடம் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது, தொண்டர்களைக் கட்டிக் காப்பது எல்லாம் அங்கே படித்த பாடம். பிறகு சிறை. 1925 முதல் 1927 வரை பர்மாவில் மண்டலே சிறையில் உடம்பு கெட்டது. 1928 கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் தொண்டர்களுக்கு ராணுவச் சீருடை போட்டு அணிவகுக்க வைத்தார், சிலர் கேலி செய்தார்கள். 1938ல் காங்கிரஸ் தலைவர். 1939ல் மறுபடி ஜெயித்து, காந்தியடிகளோடு கருத்து வேறுபட்டு விலகினார். 1941 ஜனவரியில் கல்கத்தா வீட்டிலிருந்து தப்பி, பெஷாவர், காபூல், மாஸ்கோ வழியாக பெர்லின் போனார். இந்தப் பகுதியெல்லாம் நீங்கள் படித்ததுதான், அதனால் வேகமாகத் தாண்டுகிறேன்.

அவர் பெர்லினில் இருந்தபோது இங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்லணும். நம்ம ஜொகூரிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1942 ஜனவரியில் மூவார் ஆற்றங்கரையில் ஜப்பானியரைத் தடுக்க நிறுத்தப்பட்டது 45ஆவது இந்தியப் படைப்பிரிவு. ராஜ்புதானா, ஜாட், கார்வால் ரெஜிமென்டுகளைச் சேர்ந்த பையன்கள். பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்கள், பயிற்சி முடியாதவர்கள். பக்ரி, பாரிட் சூலோங் பாதையில் சில நாட்களிலேயே அந்தப் படைப்பிரிவு சிதைந்தது. பாரிட் சூலோங் பாலத்தருகே நடக்க முடியாமல் விடப்பட்ட காயம்பட்ட ஆஸ்திரேலியர்களும் இந்தியர்களும் ஜனவரி 22 அன்று கொல்லப்பட்டார்கள். பத்து பகாட் பக்கம் போகும்போது அந்தச் சாலையில் நாம் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை.

பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. 17ஆம் தேதி ஃபேரர் பார்க்கில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை ஒன்றுகூட்டி, ஒரு பிரிட்டிஷ் அதிகாரி ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். சாமான் கைமாற்றுவது போல நம்மைக் கைமாற்றிவிட்டார்களே என்ற வேதனை பலருக்கு அன்றே வந்துவிட்டது. அங்கிருந்துதான் கேப்டன் மோகன் சிங்கின் கீழ் இந்திய தேசிய ராணுவம், ஐ.என்.ஏ., பிறந்தது.

தோட்டங்களிலும் இதே கதைதான். துரைமார்கள் காரை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் பக்கம் ஓடிவிட்டார்கள். ரப்பருக்குச் சந்தை போச்சு, மரம் வெட்ட வேலை இல்லை, சம்பளம் இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்குதான் சோறு. சிப்பாயையும் தோட்டத் தொழிலாளியையும் ஒரே எசமான்தான் ஒரே மாதத்தில் கைவிட்டான். ஆனால் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் உறவு எதுவும் கிடையாது. நம்ம தாத்தா பாட்டிக்குச் சிப்பாய் என்றால் சர்க்கார் ஆள், தலைப்பாகை கட்டிய வேற்றுமொழிக்காரன். அவனுக்கு நான் எதற்குக் கொடுக்கணும் என்று ஒரு தோட்டத்து ஆள் கேட்டிருந்தால் தப்பே இல்லை.

1942 டிசம்பரில் மோகன் சிங்குக்கும் ஜப்பானியருக்கும் மோதல் வந்து முதல் ஐ.என்.ஏ. கலைந்தது. இந்திய சுதந்திர சங்கத்தை ராஷ் பிஹாரி போஸ் கஷ்டப்பட்டு இழுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான், பிறந்து 3 மாதம்கூட ஆகாத மகளை ஐரோப்பாவில் விட்டுவிட்டு, 1943 பிப்ரவரியில் நேதாஜி அபித் ஹசனோடு ஜெர்மன் நீர்மூழ்கியில் ஏறினார். ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கர் பக்கம் நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார். ஜூலை 2ல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். 4ஆம் தேதி கத்தே கட்டடத்தில் தலைமை கைமாறியது. 5ஆம் தேதி பாடாங்கில் படையைப் பார்வையிட்டார்.

அதற்கு அடுத்து 9ஆம் தேதி நடந்த பொதுக்கூட்டம்தான் என்னைப் பொறுத்தவரை முக்கியம். முழு அணிதிரட்டல் என்ற திட்டத்தை அன்றுதான் மக்கள் முன் வைத்தார். 3 லட்சம் படைவீரர்கள், 3 கோடி டாலர். கிழக்காசியாவில் வாழும் இந்தியர்களிடம் அவர் கேட்ட கணக்கு இது. மலாயாவில் அப்போது இருந்த இந்தியர்களே 7 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்தான். அதில் பெரும்பாலோர் வயிற்றுக்கே வழியில்லாத தோட்டத் தமிழர்கள். கணக்குப் பார்த்தால் நடக்காத காரியம். நான் பொறியியல் படிக்கிற ஆள், இலக்கத்தைப் பார்த்ததும் கால்குலேட்டரைத் தேடுகிற பழக்கம். இந்தக் கணக்கில் பாதிகூடத் தேறாது என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

ஆனால் அவர் கணக்கை எப்படி வைத்தார் என்று பாருங்க. சிப்பாய் உயிரைக் கொடுக்கிறான், அதற்குக் குறைவாக மற்றவர்கள் கொடுத்தால் அது கொடுப்பதே ஆகாது என்பதுதான் அவர் வாதம். பணம் உள்ளவன் பணம், பணம் இல்லாதவன் உழைப்பு, பெண்கள் பெண்களாகவே ஒரு படை, சிறுவர்களுக்குப் பாலர் சேனை. ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்க யாருக்கும் இடம் இல்லை. மேடையில் அவர் இந்துஸ்தானியில் பேசுவார், கூடவே தமிழில் மொழிபெயர்த்துச் சொல்வார்கள். அந்தக் கூட்டங்களுக்குத் தோட்டங்களிலிருந்து லாரியிலும் சைக்கிளிலும் நடந்தும் சனம் வந்தது.

கோலாலம்பூர் கூட்டத்தில் 18 வயது ஜானகி தேவர் காதில் இருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். படம் பத்திரிகையில் வந்து வீட்டில் பெரிய பிரச்சினை. அடுத்து ஜான்சி ராணிப் படையில் சேரணும் என்றார். வீட்டில் அதைவிடப் பெரிய பிரச்சினை. ஆனாலும் போனார். சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த லட்சுமி சுவாமிநாதன் அந்தப் படைக்குத் தலைவர். 1943 அக்டோபர் 22ல் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறந்தார்கள். படித்த வீட்டுப் பெண்களோடு பால்மரம் வெட்டிய தோட்டத்துப் பெண்களும் ஒரே கூடாரத்தில் படுத்தார்கள், ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள். முன்பின் தெரியாத சிப்பாய், ஒரே வருடத்தில் நம்ம வீட்டுப் பிள்ளை ஆனது இப்படித்தான்.

பணக்காரர்கள் விஷயம் வேறு மாதிரி. ஏழைகள் தாராளமாகக் கொடுத்தபோது, சில வியாபாரிகள் பத்து சதவீதமா, ஐந்து சதவீதமா என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் 21ல் ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து சிங்கப்பூர் வியாபாரிகளைக் கூப்பிட்டு நேதாஜி காரமாகவே பேசினார். நாடு போரில் இருக்கும்போது தனிச்சொத்து என்று ஒன்று கிடையாது, உங்கள் உயிரும் பொருளும் நாட்டுக்குச் சொந்தம், தானாகக் கொடுக்காவிட்டால் வேறு வழி பார்க்கப்படும் என்ற கருத்தில் பேசினார். படையில் சேருகிற பையன் தன் ரத்தத்தில் எத்தனை சதவீதம் கொடுப்பது என்று கேட்பதில்லையே என்பது அவர் கோபம்.

இதைப் படிக்கும்போது எனக்கு இரண்டு மனசு. கோபம் நியாயமானது. அதே நேரத்தில் மிரட்டி வாங்குவது காணிக்கை ஆகுமா, வரி ஆகுமா? ஓட்டுப் போடாத மக்கள் மீது, வேறொரு நாட்டின் ஆக்கிரமிப்பில் இருக்கும் ஊரில், ஓர் அரசு வரி போட முடியுமா? நேதாஜியை விரும்புகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தள்ளிவிடக் கூடாது. ஒன்று மட்டும் சொல்லலாம். யார் தாங்குவார்களோ அவர்கள் தோளில்தான் அவர் பாரத்தை அதிகம் ஏற்றினார். ரங்கூனில் ஹபீப் என்ற முஸ்லிம் வணிகர் 1944ல் தன் சொத்து முழுவதையும், கோடி ரூபாய் பெறுமானம், கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றார். அவருக்கு சேவக்-இ-ஹிந்த் விருது கொடுத்தார்கள்.

கோவில் சம்பவம் ஒன்றும் இருக்கிறது, நம்ம வாசகர்கள் தெரிஞ்சுக்கணும். சிங்கப்பூர் செட்டியார் கோவிலுக்கு தசரா சமயத்தில் நேதாஜியை அழைத்தார்கள். நன்கொடையும் எதிர்பார்க்கக்கூடிய இடம். அந்தக் காலத்தில் எல்லாச் சாதியினரும் உள்ளே போக முடியாத கோவில் அது, வேறு மதத்தவர் பேச்சே இல்லை. எல்லாச் சாதியையும் எல்லா மதத்தையும் சேர்ந்த தன் ஆட்களோடு வரலாம் என்றால் மட்டுமே வருவேன் என்று சொல்லிவிட்டார். கோவில்காரர்கள் யோசித்து, சரி என்றார்கள். அபித் ஹசனும் மற்ற முஸ்லிம் அதிகாரிகளும் சீருடையோடு அவருடன் உள்ளே போனார்கள். அர்ச்சகர் எல்லார் நெற்றியிலும் பொட்டு வைத்தார். சிப்பாய்க்கு நாம் தர வேண்டியது பணம் மட்டும்தானா என்றால், இதோ இன்னொன்று. எங்களுக்காகச் சாகத் தயாராக இருக்கிறவன் எங்கள் வாசலுக்கு வெளியே நிற்கணும் என்று சொல்ல யாருக்கு முகம் வரும்?

இனி எழுதப் போவது கொஞ்சம் கசப்பு. அதே 1943 அக்டோபரில்தான் சயாம் மரண ரயில் பாதையும் முடிந்தது. தாய்லாந்திலிருந்து பர்மா வரை 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை ஆசை காட்டியும் லாரியில் அள்ளிப்போட்டும் கொண்டுபோனார்கள். காலரா, மலேரியா, பசி, அடி. திரும்பி வராதவர்களே பல்லாயிரம் பேர். நம்ம ஜொகூரிலும் அப்படி ஆள் காணாமல் போன குடும்பங்கள் உண்டு. ஐ.என்.ஏ.வில் பெயர் கொடுத்தால் ரயிலுக்குப் பிடித்துப்போக மாட்டார்கள் என்று சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அந்தத் தண்டவாளத்தின் மீதுதான் பிறகு படைகள் பர்மாவுக்குப் போயின.

நேதாஜி இதைத் தடுத்தாரா? தடுக்க முடியவில்லை. ஜப்பானின் தயவில் நின்ற ஓர் அரசால் அது முடியாது. தன் எதிரியின் எதிரியோடு கைகோர்த்ததற்கு மலாயாத் தமிழர்கள் கொடுத்த விலை இது. இதை எழுதாமல் நேதாஜியின் புகழை மட்டும் எழுதினால், அந்தப் பாதையில் கிடக்கிறவர்களுக்குச் செய்கிற அநியாயம். மனமுவந்து தோட்டைக் கழற்றிக் கொடுத்தவளும் போருக்குக் கொடுத்தாள். கையைக் கட்டி இழுத்துக்கொண்டு போகப்பட்டவனும் போருக்குக் கொடுத்தான். முதல் ஆளுக்குப் பதக்கம் உண்டு, இரண்டாவது ஆளுக்குப் பல வருடங்கள் வரை யாரும் ஒரு விளக்குக்கூட ஏற்றவில்லை.

1944 ஜனவரியில் தலைமையகம் ரங்கூனுக்கு மாறியது. ஏப்ரலில் அங்கே ஆசாத் ஹிந்த் வங்கி திறந்தார்கள், நன்கொடைகளைக் கணக்கோடு வைக்க. மார்ச்சில் இம்பால் படையெடுப்பு தொடங்கியிருந்தது. ஏப்ரல் 14 அன்று மொய்ராங்கில் கொடி ஏறியது. அதோடு நல்ல செய்தி முடிந்தது. ஜப்பானியர் தருவதாகச் சொன்ன லாரிகளும் உணவும் மருந்தும் வரவில்லை. மழை தொடங்கியதும் மலைப்பாதைகள் சேறாகிவிட்டன. ஷா நவாஸ் கானின் படையில் பையன்கள் கொஞ்சம் அரிசியோடு காட்டுக் கீரையை வேகவைத்துத் தின்றார்கள். குண்டில் செத்ததைவிட மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் பசியிலும் செத்தவர்கள் அதிகம்.

இங்கேதான் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. மலாயாவில் பெண்கள் தாலிக்கொடியைத் தவிர மற்றதையெல்லாம் கழற்றிக் கொடுத்தார்கள். ஆனால் கோலாலம்பூரில் கொடுத்த தங்கம் இம்பால் மலையில் ஒரு பிடி அரிசியாக மாறவில்லை. ஜப்பான் காலத்து வாழைமர நோட்டு மாதத்துக்கு மாதம் மதிப்பிழந்துகொண்டே போனது. வானத்தில் பிரிட்டிஷ் விமானங்கள். சப்ளை செயின் என்று நாங்கள் வகுப்பில் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிற பாடம் அங்கே ஆயிரக்கணக்கான உயிர். கொடுத்தாச்சு, என் கடமை முடிஞ்சது என்று கொடுத்தவர் நினைக்கலாம். அது போய்ச் சேர்ந்ததா என்று யார் பார்ப்பது? நேதாஜி ரங்கூனில் உட்கார்ந்து அதற்காக ஜப்பானியரோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தார், அதிகம் ஜெயிக்கவில்லை.

ஜூலையில் பின்வாங்கினார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனே விழப்போகிற நிலை. ஏப்ரல் 24 இரவு நேதாஜி ரங்கூனை விட்டுப் புறப்பட்டார். ராணிப் படைப் பெண்களைப் பத்திரமாக அனுப்பாமல் கிளம்ப மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்து, ஜானகியின் தலைமையில் இருந்த பெண்களையும் கூடவே கூட்டிக்கொண்டார். லாரிகள் சேற்றில் மாட்டின, விமானங்கள் சுட்டன, ஆறுகளைக் கடக்கணும். பெரும்பகுதி நடை, அதுவும் இரவில். காலெல்லாம் கொப்புளம், ஆனாலும் தனக்கு வந்த காரில் ஏறாமல் பெண்களோடும் சிப்பாய்களோடும் நடந்தார். மூன்று வாரம் கழித்து பாங்காக். அதே பின்வாங்கலில் வேறொரு குழுவில் ரயிலில் வந்த ஸ்டெல்லா, ஜோசஃபின் என்ற இரண்டு ராணிப் படைப் பெண்கள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள்.

ரங்கூனை விடும்போது அவர் செய்த இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. மேஜர் ஜெனரல் லோகநாதன், நம்ம தமிழர், அவர் தலைமையில் ஐ.என்.ஏ. வீரர்கள் பல ஆயிரம் பேரை ஊரிலேயே நிறுத்திவிட்டுப் போனார். ஜப்பானியர் போய், பிரிட்டிஷார் வருவதற்கு இடையில் ஊரில் கொள்ளையும் கொலையும் நடக்காமல் இந்தியக் குடும்பங்களைக் காக்க. அந்தச் சிப்பாய்களுக்குத் தெரியும், பிரிட்டிஷார் வந்தால் தங்களைக் கைது செய்வார்கள் என்று. தெரிந்தே நின்றார்கள். ரங்கூன் அமைதியாகக் கைமாறியது. இரண்டு வருடம் மக்களிடம் வாங்கியதற்கு, சிப்பாய் பதிலுக்குக் கொடுத்த கணக்கு அது.

கடைசி வாரம் நம்ம பக்கத்திலேயே நடந்தது. 1945 ஆகஸ்டில் நேதாஜி சிரம்பானில் இருந்தார், அங்கே ஐ.என்.ஏ. பயிற்சி முகாம் இருந்தது. ஜப்பான் சரணடையப் போகிறது என்ற செய்தி அங்கேதான் கிடைத்தது. காரில் ஜொகூர் வழியாகச் சிங்கப்பூர் திரும்பினார். எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்த ஒரு தலைவர் அந்தச் சில நாட்களை எப்படிச் செலவழித்தார் தெரியுமா? சிப்பாய்களுக்குச் சேர வேண்டிய சம்பளத்துக்கு ஏற்பாடு. ராணிப் படைப் பெண்கள் ஒவ்வொருவரும் வீடு போய்ச் சேர வழி. பாதி கட்டிய நினைவுச்சின்னத்தை முடிக்க உத்தரவு. ஆகஸ்டு 14 அன்று பல் பிடுங்கிக்கொண்ட வலியோடு, அன்று மாலை ராணிப் படைப் பெண்கள் போட்ட ஜான்சி ராணி நாடகத்தை உட்கார்ந்து பார்த்தார். 16ல் சிங்கப்பூரை விட்டார். 18ல் தைபேயில் விமான விபத்து. அவருக்கு வயது 48. சாகவில்லை என்று நம்புகிறவர்கள் உண்டு, அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை.

விமானத்தில் மக்கள் கொடுத்த நகைகளில் ஒரு பகுதியும் இருந்தது. எரிந்து உருகி மிஞ்சியதைப் பொறுக்கி எடுத்தார்கள். 1952ல் அது டில்லிக்குப் போய்ச் சேர்ந்தது. சுமார் 11 கிலோ. சங்கிலி, வளையல், தோடு எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போய்.

போர் முடிந்தபின் கடன் தீர்க்கிற முறை சிவிலியன்களுக்கு வந்தது. இந்தியாவில் அது பெரிதாகவே நடந்தது. 1945 நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவர் மீதும் வழக்கு. ஓர் இந்து, ஒரு முஸ்லிம், ஒரு சீக்கியர். பூலாபாய் தேசாய் வாதாடினார். பல வருடமாக வக்கீல் அங்கி போடாத நேரு மறுபடி அதை எடுத்து மாட்டினார். ஊர் ஊராக நிதி, ஊர்வலம், கடையடைப்பு. ஆயுள் தண்டனை விதித்தும் 1946 ஜனவரியில் மூவரையும் விட்டுவிட வேண்டியதாயிற்று. மக்கள் எழுந்து நின்றால் சிப்பாய் தனியாள் இல்லை என்பதை அன்று வெள்ளைக்காரர்கள் பார்த்தார்கள். ஆனால் சுதந்திரம் கிடைத்தபின் அதே ஐ.என்.ஏ. வீரர்களை இந்திய ராணுவம் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஓய்வூதியத் திட்டம் வர 1972 ஆனது.

மலாயாவில் செங்கோட்டை மாதிரி எதுவும் இல்லை. கொஞ்ச நாள் தடுப்புக் காவல், பிறகு பழைய தோட்டம், பழைய லயம், பழைய பால்வெட்டுக் கத்தி. ஓடிப்போன துரைகள் திரும்பி வந்திருந்தார்கள். ஆனால் போனவன் அதே ஆளாகத் திரும்பவில்லை. அணிவகுக்கத் தெரிந்தவன், நிமிர்ந்து பேசத் தெரிந்தவன். 1947ல் கெடா தோட்டங்களில் தொண்டர் படை என்று இளைஞர்கள் திரண்டு கள்ளுக்கடையை எதிர்த்தார்களே, அதில் ஐ.என்.ஏ. பழக்கம் அப்படியே தெரியும். போலீஸ் அதை அடக்கியது. ஜானகி அம்மா காங்கிரஸ் மருத்துவக் குழுவோடு சேர்ந்து தோட்டங்களில் நோயாளிகளைக் கவனித்தார், பிறகு ம.இ.கா. தொடக்கத்திலும் இருந்தார், 2014ல் மறைந்தார். பெயர் தெரிந்த ஒருவர் அவர். பெயர் தெரியாத மற்றவர்கள், பெட்டிக்குள் ஒரு பழைய தொப்பியை வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளைகள் கேட்டால் மட்டும் பேசி, ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அவர்களில் எத்தனை பேரை நம்ம தைப்பூசப் பந்தலிலோ தீபாவளி விருந்திலோ யாரென்று தெரியாமலே கடந்து போயிருப்போம்!

அந்த நினைவுச்சின்னம் பற்றிச் சொன்னேன் இல்லையா? சிங்கப்பூர் எஸ்பிளனேடில், பெயர் தெரியாத ஐ.என்.ஏ. வீரனுக்காக 1945 ஜூலை 8ல் நேதாஜி அடிக்கல் வைத்தது. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற பொருளில் மூன்று சொற்களைப் பொறித்திருந்தார்கள். செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். 50 வருடம் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. 1995ல் சிங்கப்பூர் அரசு அங்கே ஓர் அடையாளக் கல் வைத்தது.

ஜொகூர் பாருவிலிருந்து போவது சுலபம். காஸ்வே கடந்து, எம்.ஆர்.டி. பிடித்து சிட்டி ஹால் நிலையத்தில் இறங்கினால் எஸ்பிளனேட் பூங்கா பத்து நிமிட நடை. முதல் உலகப் போரில் இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த செனோடாப் அங்கேதான் இருக்கிறது, அதைத் தேடிப் போனால் இந்தக் கல்லும் பக்கத்தில் கிடைக்கும். நம்ம கிளையிலிருந்து வருகிற ஜனவரி 23 அன்று ஒரு வேன் போகலாம் என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். பூ எடுத்து வருகிறவர்கள் இரண்டு மாலையாகக் கட்டிக்கொண்டு வாங்க. ஒன்று அந்தக் கல்லுக்கு. இன்னொன்று, ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு. அதை எங்கே வைப்பது என்று வேனில் பேசிக்கொள்ளலாம்.